வான் செட்டில சவுண்ட் தானாக் குறையுது எண்டதுக்கு
வானில புளூடூத்தில பாட்டுப் போட்டா கொடிகாமம் தாண்ட முதலே காதுக்குக் கூடாது எண்டு எச்சரிக்கை வந்து சவுண்ட் குறையுது எண்டு கேட்டிருந்தீங்கள். போன் பழுதில்லை அண்ணை, அது உங்கட வான் செட்டை ஹெட்செட் எண்டு நினைக்குது. அன்ட்ரொயிட்டில பொதுவா கூடின சத்தத்தில கேட்ட நேரமெல்லாம் கூட்டி 20 மணித்தியாலம் வந்தா ஓகே குடுத்தாலும் அந்த எச்சரிக்கை திரும்ப வரும். புளூடூத் செட்டிங்ஸில செட்டின்ர பேருக்குப் பக்கத்தில இருக்கிற பற்சில்லுப் படத்தை அமத்தி ஓடியோ டிவைஸ் டைப்பை கார் எண்டு மாத்துங்கோ, பழைய போனில அது இராது. ஹெட்செட்டுக்கு மட்டும் இந்த வேலை பாக்காதேங்கோ, உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுறது 80 டெசிபல்ல கிழமைக்கு 40 மணித்தியாலம்தான், நான் ஜெனரேட்டர் சத்தத்தோட போட்டிக்குப் பாட்டுக் கேட்டு இப்ப ஒரு காது கீ எண்டுது.