பெரிய பேட்டரி வாங்கும் முன் வெயிலைக் கணக்கிடுங்கள்

கேள்வி: 100 வாட் மடிப்பு சோலார் பேனலும் 500 வாட்-மணி பவர் ஸ்டேஷனும் (சாக்கெட்டுகள் உள்ள பேட்டரிப் பெட்டி) வைத்திருக்கிறேன். பேனலை ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே நாள் முழுக்க வைத்தும் பாதிகூட ஏறுவதில்லை. இரவில் ரவுட்டர், பல்பு, மேசை விசிறி மூன்றையும் போட்டால் விடியும் முன்பே நின்றுவிடுகிறது. பெரிய பேட்டரி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இருப்பதே நிரம்பவில்லை, பெரியது வாங்கினால் அதுவும் காலியாகத்தான் கிடக்கும். குறை மின்சார வரவில் இருக்கிறது.

பேனலில் அச்சிட்டிருக்கும் 100 வாட், செல்லின் (பேனலில் ஒளியை மின்சாரமாக்கும் துண்டு) வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. வெயிலில் செல் 60 டிகிரி வரை சுடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். நல்ல உச்சி வெயிலிலேயே 70, 80 வாட் வந்தால் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைத்தால் 300 வாட்-மணி. அவ்வளவுதான்.

அதையும் கண்ணாடி தின்றுவிடுகிறது, வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு உள்ள கண்ணாடி என்றால் மிக அதிகமாக. பேனலை வெளியே கொண்டுபோங்கள். நிழலில் கவனம் தேவை: செல்கள் தொடராக இணைந்திருப்பதால், கம்பியின் மெல்லிய நிழல் சில செல்கள்மேல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையும். கோணம் பார்க்க, பேனலின்மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் மிகக் குறுகும் திசைக்குத் திருப்புங்கள். காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று முறை மாற்றினால் போதும். பின்பக்கம் காற்றோட இடம் விடுங்கள்.

பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், சூடேறினால் சார்ஜை நிறுத்திக்கொள்ளும். அது உள்ளே நிழலில் இருக்கட்டும், ஒயரை நீட்டுங்கள். பத்து மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

அடுத்தது செலவு. ரவுட்டர் 10 வாட், 10 மணி நேரம்: 100. விசிறி 15 வாட், 8 மணி நேரம்: 120. பல்பு 5 வாட், 5 மணி நேரம்: 25. மொத்தம் 245 வாட்-மணி, வரவுக்குள் அடங்குகிறது. ஆனால் இவற்றைப் பெட்டியின் ஏசி சாக்கெட்டில் செருகினால், பேட்டரியின் டிசி மின்சாரத்தை வீட்டு மின்சாரமான ஏசியாக மாற்றும் உள் இன்வெர்ட்டர் தனக்கென்றே 10 வாட் அளவுக்கு இழுக்கும். இரவு முழுக்க 100 வாட்-மணி வீண்! 12 வோல்ட் ரவுட்டரையும் டிசி விசிறியையும் 12 வோல்ட் டிசி வாயிலிலும், யூஎஸ்பி பல்பை யூஎஸ்பியிலும் போட்டு ஏசி பொத்தானை அணையுங்கள். செருகும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும், பின்னின் நடுமுனை பாசிட்டிவ்தானா என்பதையும் பாருங்கள். மாறினால் ரவுட்டர் எரிந்துவிடும்.

அப்போதும் பற்றாவிட்டால் இரண்டாவது பேனல் வாங்குங்கள். இத்தகைய பேனல் சுமையில்லாதபோது 22 வோல்ட் அளவுக்குத் தரும். இரண்டைத் தொடராக இணைத்தால் 44. பல சிறிய பெட்டிகள் தாங்குவது 30 வோல்ட்டுக்குள்தான். உங்கள் பெட்டியின் உச்ச வரம்பைப் படித்துவிட்டு, அதே மாதிரிப் பேனலைப் பக்க இணைப்பாகவே (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) சேருங்கள்.