நெஞ்செரிச்சலும் எண்டோஸ்கோப்பியின் நீல ஒளியும்: கேள்வி பதில்

கேள்வி: ஓராண்டாக நெஞ்செரிச்சலால் அவதிப்படுகிறேன். ஆனால் எண்டோஸ்கோப்பியில் எல்லாம் இயல்பாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எனக்கு அமில எதுக்களிப்பு நோய் (இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறிவருவது) இல்லையா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். இந்நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, வழக்கமான வெள்ளை ஒளியில் பார்க்கும்போது உணவுக்குழாயில் புண் எதுவும் தென்படுவதில்லை. உங்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது, பரிசோதனையின்போது ஒமெப்ரசோல், பாண்டப்ரசோல் போன்ற, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்பதைத்தான். அவை சில வாரங்களிலேயே புண்ணை ஆற்றிவிடும்; ஆறிய இடத்தைப் பார்த்துவிட்டு நோயே இல்லை என்று எழுதுவது சரியாகாது. எனவே, நோயை உறுதிசெய்வதற்கென்றே செய்யப்படும் எண்டோஸ்கோப்பிக்கு 2 முதல் 4 வாரங்களுக்கு முன்பே, மருத்துவரின் ஒப்புதலோடு, இம்மாத்திரைகளை நிறுத்துவது நல்லது. குடற்புண்ணில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: எண்டோஸ்கோப்பியில் நேரோ பேண்ட் இமேஜிங் என்கிறார்களே, அது சாயமா, கதிர்வீச்சா?

பதில்: இரண்டும் இல்லை, அது ஒளியை வடிகட்டும் முறை. 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய குறுகிய நீல, பச்சை ஒளிப்பட்டைகளை மட்டும் உள்ளே செலுத்துகிறார்கள். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் இவ்விரண்டையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். நீல ஒளி மேற்பரப்போடு நின்றுவிடுவதால் அங்குள்ள நுண்குழாய்கள் பழுப்பாகவும், பச்சை ஒளி சற்று ஆழமாகச் செல்வதால் அடியிலுள்ள சிரைகள் நீலப்பச்சையாகவும் தெரிகின்றன.

திரையில் இதைப் பார்க்கும்போது வேறுபாடு உடனே புலப்படும். அதுவரை வெளிறிய இளஞ்சிவப்பில் குறையேதும் இல்லாததுபோல் இருந்த சவ்வு, பொத்தானை அழுத்தியதும் வெளிர்பச்சையாக மாறி, அதில் பழுப்புப் புள்ளிகள் எழும்பி நிற்கும். உருப்பெருக்கத்தோடு நெருங்கிச் சென்றால் ஒவ்வொரு புள்ளியும் ஊசிக்காதுபோல் வளைந்த ஒரு நுண்குழாய் என்பது விளங்கும். அமிலம் அடிக்கடி ஏறிவரும் உணவுக்குழாயில் இவ்வளைவுகள் எண்ணிக்கையில் கூடி, விரிந்து, முறுக்கிக்கொண்டு கிடக்கும். வெள்ளை ஒளியில் கண்ணுக்குத் தப்பிய மிக நுண்ணிய அரிப்புகளும் இரைப்பையோடு சேரும் எல்லைக்கருகே அப்போது தென்படலாம்.

கேள்வி: அப்படியானால் அந்தக் குழாய்களின் தோற்றமே போதுமான சான்று அல்லவா?

பதில்: போதாது, இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். ஒரே படத்தை இரு மருத்துவர்கள் இருவிதமாக மதிப்பிடுவதுண்டு. எதுக்களிப்பு இல்லாதவர்களிலும் இத்தோற்றம் ஓரளவு காணப்படுகிறது. இந்நோயைக் கண்டறிவது குறித்துப் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த லியான் கருத்தொற்றுமை 2018-இல் வெளியானது; 2023-இல் வந்த அதன் திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு, உணவுக்குழாய்ப் புண்களை ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் வகைப்பாட்டில் பி, சி, டி நிலைப் புண்களையும், திசு ஆய்வில் உறுதியான பாரெட் மாற்றத்தையும் (உணவுக்குழாயின் உட்சவ்வு குடலின் சவ்வைப்போல் மாறிவிடுவது), அமிலத்தால் உணவுக்குழாயில் ஏற்பட்ட சுருக்கத்தையுமே எண்டோஸ்கோப்பியில் கிடைக்கும் உறுதியான சான்றுகளாக ஏற்கிறது. 5 மில்லிமீட்டருக்கு மிகாத ஏ நிலைக் கீறல் தனித்து நின்றால் போதாது.

இவை எதுவும் இல்லாதபோது அமிலத்தை அளந்து பார்ப்பதே நேரான வழி. மூக்கு வழியாகச் செல்லும் மெல்லிய குழாயால் 24 மணி நேரமோ, உணவுக்குழாய்ச் சுவரில் பொருத்தப்படும் சிறு கேப்சூலால் 96 மணி நேரம் வரையிலோ அளக்கலாம். அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 4-க்குக் கீழே இருந்த நேரம் மொத்தத்தில் 6 விழுக்காட்டைத் தாண்டினால் நோய் உறுதி. 4 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இயல்பு. புதிய கேமராவைத் தேடி அலைபவர்கள் இந்த எளிய அளவீட்டைத் தவிர்த்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: லேசர் மூலம் செல்களையே நேரில் பார்க்கும் முறை உண்டாமே?

பதில்: உண்டு. ஃபுளோரசின் என்னும் ஒளிரும் மருந்தை நரம்பு ஊசியாகச் செலுத்தி, கன்ஃபோகல் லேசர் கருவியால் செல்களுக்கு இடையே இடைவெளி விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எதுக்களிப்பைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் ஆய்வுநிலையில்தான் உள்ளது.

கேள்வி: சிறப்பு ஒளியில் பார்த்துவிட்டால் சதைத் துணுக்கு எடுப்பதைத் தவிர்க்கலாமா?

பதில்: பாரெட் மாற்றம் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் தவிர்க்கக் கூடாது. அங்கே இந்த ஒளியின் பயன் பெரிது; ஒழுங்கு குலைந்த சவ்வமைப்பைக் காட்டி, எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று அது வழிகாட்டும். அப்படிக் குறிவைத்து எடுத்த பிறகும், ஒவ்வொரு 2 சென்டிமீட்டருக்கும் நாற்புறமும் துணுக்குகள் எடுத்து ஆய்வுக்கு அனுப்புவதே நடைமுறை.