தாய்மாமன் பாட்டை ஏன் நிறுத்த வேண்டும்?

கேள்வி: எங்கள் பேத்தியின் கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவினர் 'பாசமலர்' படத்திலிருந்து 'மலர்ந்தும் மலராத' பாட்டை எடுத்தார்கள். இரண்டு வரி போவதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "மங்கல காரியத்தில் ஒப்பாரியா?" என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்தப் படம் வெறும் அழுகைதானா? அந்தப் பாட்டைக் கல்யாண வீட்டில் பாடக் கூடாதா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: தாராளமாகப் பாடலாம் அம்மா. நிறுத்தச் சொன்னவர் அந்தப் பாட்டை முழுதாக ஒரு முறையும் காதுகொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்.

அது தாலாட்டு. பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் ஒருவரிடம் ஒருவர் சொல்ல முடியாததை அவரவர் குழந்தையிடம் சொல்லிப் பாடுகிறார்கள். என்ன சொல்கிறார்கள்? நீ யானைப்படையோடு நாடாளப் பிறந்தவன், அத்தை மகளை மணந்து வாழப் பிறந்தவன் என்கிறார்கள். பெரியவர்கள் முறித்த உறவைப் பிள்ளைகள் முறை கொண்டாடி ஒட்டவைப்பார்கள் என்று கண்ணதாசன் தொட்டிலிலேயே சம்பந்தம் பேசி முடித்துவிட்டார். கல்யாண வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எது? பிரிவு என்ற பேச்சே கடைசிச் சரணத்தில்தான் வருகிறது. சிறகில் மூடி வளர்த்ததையும் காலம் இடையில் புகுந்து பிரித்ததையும் சொல்லிவிட்டு, மண்ணும் கடலும் வானும் மறைந்தாலும் இந்த உறவைப் பிரிக்க முடியாது என்று அடித்துச் சொல்லி முடிகிறது. இதையா ஒப்பாரி என்பது?

பீம்சிங் இயக்கத்தில் 1961 மே மாதம் வெளியான படம் அது. அதே ஆண்டில் அவருடைய 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' படங்களும் வந்தன. மூன்றுக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. 'பாசமலர்' பாடல்களை வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். 'எங்களுக்கும் காலம் வரும்' ஏழ்மையிலும் நிமிர்ந்து நடக்கும் பாட்டு. 'யார் யார் யார் அவள் யாரோ' பி.பி. ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் பாடிய காதல் பாட்டு. எல்.ஆர். ஈஸ்வரிக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்த 'வாராயென் தோழி', மணப்பெண்ணைத் தோழிகள் கேலி பேசி அழைக்கும் பாட்டு. முகூர்த்த நாளில், கல்யாணங்கள் நிறைய நடக்கும் உங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவந்திபுரம் கோயில் பக்கம் போனால் அது காதில் விழாமல் திரும்ப முடியாது. அப்போதெல்லாம் 'பாசமலர் பாட்டு' என்று யாரும் முகம் சுளிப்பதில்லையே!

இந்தப் படத்தின் இசையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 'மலர்களைப் போல் தங்கை உறங்குகிறாள்' பாட்டில் தங்கை தூங்குகிறாள். அண்ணன் அவளுடைய கல்யாணத்தைக் கற்பனை செய்கிறான். கல்யாணத்தோடு அவன் நிற்கவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்து, அதனிடம் தங்கை 'மாமனைப் பார்' என்று தன்னைக் காட்டுவது வரை போய்விடுகிறான். தங்கைக்கு மாப்பிள்ளையே அமையவில்லை, இவன் அதற்குள் தாய்மாமன் ஆகிவிட்டான்! கூட்டத்தையே கட்டிப்போடும் குரல் டி.எம். சௌந்தரராஜனுக்கு. அந்தக் குரலை, தூங்குகிறவள் விழித்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு இங்கே அடக்கிப் பாடுகிறார். இந்தப் பாட்டைக் கேட்டவருக்குத்தான் பின்னால் வரும் தாலாட்டின் கனம் தெரியும். அந்த மாமன் ஆசைதான் அங்கே தடுமாறி நிற்கிறது. இரண்டு பாட்டிலும் அழவைக்க வேண்டும் என்று ஒரு வாத்தியமும் முந்திக்கொண்டு வருவதில்லை. கேட்கிறவர் தாமாகக் கலங்குகிறார்.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடும்பம் உடைவதற்கான பழி முழுவதையும் தங்கை கணவனுடைய அத்தையின் தலையில் கட்டியது எனக்கு உடன்பாடில்லை. முதலாளி அண்ணன், தொழிலாளர் பக்கம் நிற்கும் மைத்துனன் என்ற பிணக்கே போதும். அதை இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாம். முடிவில் கண்ணீர் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவில் சோகப் பாட்டு எதையும் திணிக்கவில்லை. அண்ணனாக நடித்த சிவாஜி, தங்கையாக நடித்த சாவித்திரியிடம் சொல்வது 'கை வீசம்மா கை வீசு' என்ற குழந்தைப் பாட்டைத்தான். நம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நாம் சொன்ன அதே வரிகள்.

நிறுத்தச் சொன்னவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சம்பந்தி வீடு. உங்கள் பேத்திக்குக் குழந்தை பிறந்து தொட்டில் போடும் நாளில் அதே குழுவைக் கூப்பிடுங்கள். பல்லவியோடும் ஒரு சரணத்தோடும் முடித்துக்கொள்ளும் பழக்கம் மேடைக்காரர்களுக்கு உண்டு. அதற்கு இடம் கொடுக்காமல் கடைசிச் சரணம் வரை பாடச் சொல்லுங்கள். குழந்தையின் தாய்மாமன் சீர்த்தட்டை இறக்கிவைத்ததும் பாட்டு தொடங்கட்டும். அந்தப் பெரியவருக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள்.