பெருநிறுவனத்தை ஹேக் செய்வது லாபமா?
ஹட்டனில் சைபர்பங்க் ரெட் என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டை ஆடத் தொடங்கியுள்ள தம்பி, அதில் வரும் பெருநிறுவன ஹேக்கிங்கில் ஆபத்துக்கேற்ற பலன் உண்டா என்று கேட்கிறார். உண்டு, ஆனால் பணத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

இதில் வீட்டிலிருந்தே ஹேக் செய்ய முடியாது. நிறுவனத்தின் கணினி வலையமைப்புக்குள் புகும் நுழைவுப் புள்ளிக்கு 6 மீட்டருக்குள் நீங்களே நிற்க வேண்டும், அதாவது காவலர்களின் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில். உள்ளே பிளாக் ஐஸ் எனும் தாக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள் இருக்கும்; சில வகை உங்கள் புரோகிராம்களை அழிக்கும், சில நேரே மூளையைத் தாக்கும். சரி, பலன்? கேமராவும் கதவும் உங்கள் கைக்கு வந்தால் கூட்டாளிகள் உயிரோடு வெளியேறலாம்.

பண்டாரவளையில் நாங்கள் ஆடியபோது, கடன் சீட்டால் தொழிலாளரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டு, 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையை மனதில் வைத்து, கதையில் ஒரு தேயிலை நிறுவனத்தின் தொழிலாளர் கடன் பதிவுகளை அழித்தோம். காசு கிடைக்கவில்லை. அப்புறம் நிறுவனம் எங்களைத் தேடி வந்தபோது, அந்தத் தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனம்தான் ஒளித்து வைத்தது.