பதில்: ராத்திரி 3 மணிக்கு மூச்சு முட்டுது, ஆக்சிமீட்டர்ல 98 காட்டுது, இது கொரோனாவா?

ஆக்சிமீட்டர் (விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்கற மெஷின்) 98 காட்டுதுன்னா ஆக்சிஜன் குறையல. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, 3 மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு விரல் மரத்துப்போகுது, அரைமணியில தானா அடங்குதுன்னு சொல்றீங்க, இது பெரும்பாலும் பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு வர்ற கடுமையான பயம். பயத்துல வேகவேகமா மூச்சு விடும்போது உடம்புல கார்பன் டை ஆக்சைடு குறையும், அதான் அந்த மரமரப்பும் தலைசுத்தலும். நீங்க கற்பனை பண்ணல, நெசமாவே உடம்பு அப்படித்தான் செய்யும்.

இன்னொன்னு, நாளுக்கு 20, 30 தடவை ஆக்சிமீட்டர் போடறதா எழுதியிருக்கீங்கல்ல, அதுதான் பயத்துக்குத் தீனி போடுது. 98 பாத்ததும் ஒரு நிமிஷம் நிம்மதி, அப்புறம் திரும்ப சந்தேகம். எனக்கும் கொரோனா லாக்டவுன் சமயத்துல இதேதான், அப்பாவுக்கு பாசிட்டிவ் வந்தப்புறம் தெர்மாமீட்டரும் கையுமாவே இருந்தேன்.

பகல்ல ஒருதடவை இத செஞ்சு பாருங்க: ஆக்சிமீட்டர் மாட்டிக்கிட்டு ரூமுக்குள்ளயே 6 நிமிஷம் நடங்க. 3 பாயிண்ட் எறங்காம 94-க்கு மேலயே நின்னா நுரையீரல் இப்போதைக்கு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் மெஷினை வீட்ல வேற யாராவது வச்சிருக்கட்டும், காலைல ஒருதடவை சாயங்காலம் ஒருதடவை போதும். ராத்திரி வந்துச்சுன்னா மூச்ச இழுக்கறதைவிட மெதுவா விடறதுல கவனம் வைங்க, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்க. படுக்கறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப் சாவு செய்தி எதையும் தொறக்காதீங்க.

விரல்ல மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தா ரீடிங் தப்பா வரலாம். 94-க்கு கீழ போனாலோ, நடந்ததும் 3, 4 பாயிண்ட் எறங்கினாலோ, நெஞ்சுவலி வந்தாலோ இதெல்லாம் விட்டுட்டு 108 கூப்பிடுங்க. ரெண்டு வாரமா தூக்கமே இல்லைன்னா 104-க்கு (அரசு மருத்துவ உதவி எண்) போன் போடுங்க, கவுன்சிலிங் தமிழ்லயே தர்றாங்க. சாகலாம்னு தோணுச்சுன்னா அன்னிக்கே 104-ல பேசுங்க, வீட்லயும் ஒருத்தர்கிட்ட சொல்லுங்க.