கால்பந்துக்குள் அரசியல் வரலாமா?

“விளையாட்டை விளையாட்டாக மட்டும் பார்க்க வேண்டும், ஆட்டக்காரர்கள் கைப்பட்டை கட்டுவதும் தேசிய கீதத்தின்போது வாய் மூடி நிற்பதும் ரசிகனுக்கு எதற்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் பல ஆண்டுகளாக எழுவர் கால்பந்துப் போட்டிகளுக்கு ஓடியாடி வேலை பார்த்து வருபவன் என்ற முறையில் என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஆட்டக்காரன் வாயைத் திறந்தால் மட்டுமே அது அரசியல் என்றும், அதிகாரத்தில் இருப்பவர் திடலுக்குள் வந்து உட்கார்ந்தால் அது மரியாதை என்றும் நாம் பழகிவிட்டோம். “அரசியல் வேண்டாம்” என்ற பேச்சு பெரும்பாலும் முதலாமவரை நோக்கி மட்டுமே சொல்லப்படுகிறது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் மனிதர் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரவுஸ். கெட்டவர் அல்லர், சிறந்த நடுவராகப் பெயர் எடுத்தவர், ஆட்ட விதிகளை 1938-இல் ஒழுங்குபடுத்தித் திருத்தி எழுதியவர். அதே 1938-ஆம் ஆண்டு மே மாதம், ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கி இரண்டு மாதமே ஆகியிருந்த நிலையில், இங்கிலாந்து அணி பெர்லினில் ஜெர்மனியுடன் ஆடியது. ரவுஸ் அப்போது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். பிரிட்டிஷ் தூதரின் யோசனையை ஏற்று, ஆட்டத்துக்கு முன் நாஜி முறையில் கையை நீட்டி வணங்கும்படி ஆட்டக்காரர்களிடம் சொல்லப்பட்டது. அவர்களில் பலருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இங்கிலாந்து 6-3 என்று வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தை நினைவுகூரும்போது இன்று எவரும் கோல்களைப் பற்றிப் பேசுவதில்லை, வரிசையாக நீண்ட அந்தக் கைகளின் புகைப்படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பின்னர் 1961 முதல் 1974 வரை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தலைவராக இருந்த ரவுஸ், விளையாட்டையும் அரசியலையும் கலக்கக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவை 1961-இல் ஃபிஃபா இடைநீக்கம் செய்தபோது, அங்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1963-இல் தடையை விலக்கச் செய்தார். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் ஒன்று சேர்ந்து அடுத்த ஆண்டே மறுபடியும் தடையைக் கொண்டுவந்தன. 1973-இல் சிலி நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, சான்டியாகோவின் தேசிய மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்து வதைத்தது. அந்த மைதானத்தில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஆட மாட்டோம் என்று சோவியத் அணி மறுத்தது. ஃபிஃபா அனுப்பிய குழு, கைதிகள் இன்னும் உள்ளே இருக்கும்போதே சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் இயல்பாக இருப்பதாக அறிக்கை கொடுத்தது. நவம்பர் 21 அன்று சிலி ஆட்டக்காரர்கள் எதிரணியே இல்லாத திடலில் பந்தைத் தட்டிக்கொண்டே போய், காலியான வலைக்குள் ஒரு கோல் அடித்தார்கள். அவர்களே உலகக் கோப்பைக்கும் போனார்கள். அரசியலே வேண்டாம் என்ற கொள்கை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்: பெர்லினில் ஒரு சர்வாதிகாரிக்கு வணக்கம், தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்குச் சலுகை, சான்டியாகோவில் வதைமுகாமுக்கு நற்சான்று. 1974-இல் ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் வாக்குகளைப் பிரேசிலின் ஹவலாஞ்சுக்குப் போட்டு ரவுஸை வீட்டுக்கு அனுப்பியதில் எனக்கு வியப்பே இல்லை.

உலகக் கதை இருக்கட்டும். எங்கள் பகுதியில் பொங்கலையொட்டி நடந்த ஒரு எழுவர் போட்டியைச் சொல்கிறேன். திடலின் இருபுறமும் ஃபிளெக்ஸ் பதாகைகள். அவற்றில் தலைவர்களின் படங்கள் ஆள் உயரத்துக்கு, மாவட்டம், ஒன்றியம், நகரம் என்று பொறுப்பாளர்களின் படங்கள் அடுத்தடுத்த அளவில், அடியில் தபால்தலை அளவுக்கு ஒரு பந்து. தேவகோட்டையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த அணிகள் காலையிலிருந்து காத்துக் கிடந்தன. சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்து, பொன்னாடைகள் முடிந்து, பந்தைக் காலால் தொட்டுத் தொடங்கி வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வெளிச்சம் போதாதென்று இறுதி ஆட்டத்தைப் பாதிக்குப் பத்து நிமிடமாகக் குறைத்தோம். அன்று ஓர் அணியின் பையன்கள் கையில் கறுப்புத் துணி கட்டி வந்திருந்தார்கள். தாங்கள் பயிற்சி எடுக்கும் பொட்டலைக் கடைகள் கட்டுவதற்காக அளந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் காரணம். விழாக் குழுவில் ஒரு பெரியவர் வந்து, “தம்பி, இதெல்லாம் அரசியல், விளையாட்டுல வேணாம்ப்பா, கழட்டிருங்க” என்றார். அவர் தலைக்கு மேலேதான் அந்தப் பதாகை தொங்கியது. பையன்கள் மறுபேச்சுப் பேசவில்லை. அவிழ்த்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஆடப் போனார்கள். அந்தப் பெரியவர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. பதாகை அவர் கண்ணுக்கு அரசியலாகத் தெரியவே இல்லை, அவ்வளவுதான்.

கத்தார் உலகக் கோப்பையிலும் இதே கண்தான் வேலை செய்தது. 2022 நவம்பர் 21 அன்று, பாகுபாட்டுக்கு எதிரான ‘ஒன் லவ்’ என்ற பல வண்ணக் கைப்பட்டை கட்டினால் மஞ்சள் அட்டை காட்டப்படும் என்ற எச்சரிக்கையால் ஏழு ஐரோப்பிய அணிகள் பின்வாங்கின. அதே நாளில் ஈரான் ஆட்டக்காரர்கள், தங்கள் நாட்டில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், தேசிய கீதத்தைப் பாடாமல் நின்றார்கள். ஐரோப்பியர்கள் இழக்கவிருந்தது ஒரு மஞ்சள் அட்டை. ஈரானியர்கள் திரும்பிப் போக வேண்டியதோ அந்த அரசு ஆளும் நாட்டுக்கு. யாருடைய மௌனத்துக்கு எடை அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கத்தாரைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசும்போது இன்னொன்றும் சேர்ந்து வரும். சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குக் கம்பி கட்டவும் சாரம் கட்டவும் போனவர்கள் ஏராளம். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி ஊரில் ஏறிக்கொண்டிருந்தது, பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது. அவர் சம்மதிக்காமல் வேறு வேலைக்கும் மாற முடியாத நிலை இருந்தது. தொழிற்சங்கங்களும் செய்தியாளர்களும் ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்ட பிறகுதான், 2020-இல் கத்தாரில் முதலாளியின் அனுமதி இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியமும் வந்தது. நடைமுறையில் குறைகள் உண்டு என்றாலும், உலகக் கோப்பை என்ற வெளிச்சம் இல்லாவிட்டால் இதுவும் நடந்திருக்காது. கால்பந்துக்குள் அரசியல் பேசியதால் கிடைத்த பலன் இது.

உங்களோடு நான் உடன்படும் இடமும் ஒன்று உண்டு. சாதிப் பெயரிலும் சாதிக் கொடியோடும் அணிகள் வந்து இறங்குவதை எங்கள் போட்டிகளில் அனுமதிக்கக் கூடாது என்று வாதாடி வருகிறேன். பொட்டலைக் காப்பாற்றக் கேட்கும் கறுப்புத் துணி வேறு, அடுத்த தெருக்காரனை முறைப்பதற்காக நடப்படும் கொடி வேறு. பின்னதால் மண்டை உடைந்ததையும் போட்டி பாதியில் நின்றதையும் இந்த வட்டாரத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தியக் கால்பந்தைக் கெடுத்தது கைப்பட்டையும் அல்ல, கொடியும் அல்ல. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் நாற்காலியில் 1988 முதல் 2008 வரை காங்கிரஸ் தலைவர் பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி, அவருக்குப் பின் தேசியவாத காங்கிரஸின் பிரஃபுல் படேல். படேலின் பதவிக்காலம் 2020 இறுதியில் முடிந்த பிறகும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விலக்கி நிர்வாகிகள் குழுவை அமர்த்தியது. வெளியார் தலையீடு என்று சொல்லி ஆகஸ்டு நடுவில் ஃபிஃபா இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. அப்போது கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசியக் கழகப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானுக்குப் போய் இறங்கியிருந்தது. அந்தப் பெண்கள் ஓர் ஆட்டம்கூட ஆட முடியாமல் ஊர் திரும்பினார்கள். யாருடைய நாற்காலிச் சண்டைக்கோ அவர்கள் விலை கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் தடை நீங்கி, செப்டம்பர் 2-இல் நடந்த தேர்தலில் பாஜகவின் கல்யாண் சௌபே, பாய்ச்சுங் பூட்டியாவை 33-1 என்று வென்றார். இருவருமே முன்னாள் ஆட்டக்காரர்கள். இருவருமே பொதுத்தேர்தல்களில் நின்றவர்கள். வாக்களித்தவர்கள் மாநிலச் சங்கப் பிரதிநிதிகள் மட்டுமே. முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் தனி வாக்கு வேண்டும் என்று நிர்வாகிகள் குழு செய்திருந்த ஏற்பாடு, ஃபிஃபா ஒப்புக்கொள்ளாததால் தேர்தலுக்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது.