எழுதிப் பார்த்த பிறகு வாசியுங்கள்

கேள்வி: திரைக்கதை எழுதக் கற்கும் ஆவலில், புகழ்பெற்ற பல படங்களின் திரைக்கதைகளைத் தேடி வாசித்து வருகிறேன். வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. என் வாசிப்பில் என்ன குறை?

பதில்: ஏற்கெனவே பார்த்த படத்தின் திரைக்கதையை எடுத்துக்கொண்டால் நாம் பெரும்பாலும் வாசிப்பதில்லை, படத்தை மனத்துக்குள் மீண்டும் ஓட்டிக்கொள்கிறோம். நடிகரின் முகமும் பின்னணி இசையும் படத்தொகுப்பின் வேகமும் நினைவிலிருந்து எழுந்து வந்து வரிகளுக்கிடையே அமர்ந்துவிடுவதால், தாளில் எழுத்தாளர் செய்தது எவ்வளவு, பிறர் சேர்த்தது எவ்வளவு என்பது பிடிபடாமல் போகிறது. புரிகிறது என்ற நிறைவு அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே, நீங்கள் பார்த்திராத ஒரு படத்தின் திரைக்கதையைத் தேர்ந்தெடுங்கள். முக்கியமான காட்சி ஒன்றின் தலைப்பு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அதுவரை நடந்தவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை நீங்களே எழுதுங்கள். அதன்பின் மூலத்தைப் பாருங்கள். நீங்கள் கதவு தட்டப்படுவதிலிருந்து தொடங்கி, நலம் விசாரித்து, உட்காரவைத்துப் பேச்சை ஆரம்பித்திருப்பீர்கள். தேர்ந்த எழுத்தாளரோ வாக்குவாதத்தின் நடுவே நுழைந்து, கேள்விக்குப் பதில் வருமுன்பே வெளியேறியிருப்பார். இந்த வேறுபாட்டை உங்கள் எழுத்தின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் பாடம், நூறு பக்கங்களை வியந்து வாசிப்பதால் கிடைக்காது.

இன்னொரு பயிற்சி, ஒரேயொரு பொருளை மட்டும் பின்தொடர்வது. பில்லி வைல்டரும் ஐ. ஏ. எல். டயமண்டும் எழுதி 1960இல் வெளிவந்த ‘தி அபார்ட்மெண்ட்’ படத்தின் நாயகன், மேலதிகாரிகளின் ரகசியச் சந்திப்புகளுக்குத் தன் வீட்டைக் கொடுப்பவன். அங்கே விட்டுச்செல்லப்பட்ட, கண்ணாடி விரிசல்விட்ட சிறு ஒப்பனைப் பெட்டி ஒன்றை அவன் மேலதிகாரியிடம் திருப்பித் தருகிறான். பின்னர் அலுவலகக் கொண்டாட்டத்தின்போது, தான் நேசிக்கும் பெண் நீட்டும் பெட்டியில் தன் முகத்தைப் பார்க்கையில் அதே விரிசல் தெரிகிறது. தன் வீட்டுக்கு வந்துபோகிறவள் அவளே என்பதை யாரும் வாய்திறந்து சொல்லாமலேயே அவன் அறிந்துகொள்கிறான், நாமும் அறிந்துகொள்கிறோம். அந்தப் பெட்டி முதலில் வரும் பக்கத்தையும் மறுபடி வரும் பக்கத்தையும் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட பக்கங்களில் அதை நாம் மறந்திருக்கும்படி எழுத்தாளர்கள் என்னென்ன செய்தார்கள் என்று தேடுங்கள். வசனத்தின் அழகில் மயங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இத்தகைய வேலையைத்தான்.

கேள்வி: ஒரே படத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. எதை நம்பிப் படிப்பது?

பதில்: முதலில், படம் வெளிவந்த பிறகு திரையைப் பார்த்து யாரோ எழுதிவைத்த படிகளை விலக்குங்கள். அவற்றில் வசனம் துல்லியமாக இருக்கும். காட்சி விவரிப்போ இருக்காது, அல்லது திரையில் தெரிந்ததன் வர்ணனையாக இருக்கும். எழுத்தாளர் எடுத்த முடிவு எதையும் அங்கே காண முடியாது. காட்சி எண்கள் இடப்பட்ட படி பெரும்பாலும் படப்பிடிப்புக்கென ஆயத்தம் செய்யப்பட்டது. எண்களில்லாத முந்தைய வரைவு கிடைத்தால் அதையே முதலில் படிக்கச் சொல்வேன். படத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியே பாடம். 1974இல் வந்த ‘சைனாடவுன்’ படத்துக்கு ராபர்ட் டவுன் முதலில் எழுதிய முடிவு, படத்தில் உள்ள அளவுக்கு இருண்டதல்ல. இயக்குநர் ரோமன் போலன்ஸ்கியின் வற்புறுத்தலால்தான் அது மாறியது. ஒரு முடிவை மாற்றினால் முன்னுள்ள காட்சிகளின் பொருள் எப்படித் திரும்புகிறது என்பதை இப்படிப்பட்ட ஒப்பீட்டில்தான் பார்க்க முடியும்.

கேள்வி: ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: 12 புள்ளி கூரியர் எழுத்துருவில், காட்சி விவரிப்பும் வசனமும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் ஹாலிவுட் வடிவத்தில் எழுதப்பட்ட முழுத் திரைக்கதைக்குச் சராசரியாகப் பொருந்தும் கணக்கு அது. தனித்தனிப் பக்கத்துக்குப் பொருந்தாது: ‘இரு படைகளும் மோதுகின்றன’ என்ற ஒரே வரி பல நிமிடங்கள் ஓடலாம், விரைந்த வசனம் நிறைந்த பக்கம் அரை நிமிடத்தில் முடிந்துவிடலாம். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று பிரித்து எழுதுபவர்கள் இந்தக் கணக்கை நம்பாமல், வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே நல்லது.